புன்னகைக்காக நல்ல பல்லைப் பலியிட வேண்டாம்

1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் வந்த கால் நூற்றாண்டில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் எழுந்த தொழிற்சாலைகள், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இளைஞர்களை இப்பகுதிக்கு அழைத்து வந்தன. பெண் தொழிலாளர்களுக்கென வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இவர்களுள் பலர் இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள். சொந்தச் சம்பாத்தியம் கைக்கு வரும் வயதும், வீட்டில் திருமணப் பேச்சு எழும் வயதும் ஒன்றாக வந்து சேரும் காலம் அது. ஆகவே பல் மருத்துவரிடம் அவர்கள் வைக்கும் வேண்டுகோளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: ‘முன்பற்கள் அழகாக இல்லை; கல்யாணத்துக்குள் கேப் போட்டுவிடுங்கள்.’

இந்த விருப்பத்தை வீண் ஆடம்பரம் என்று நான் கருதவில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்பவர், புகைப்படத்தில் உதடு திறக்காதவர், நேர்காணலில் தலைகுனிந்தே விடை சொல்பவர் எனப் பலரைப் பார்த்து வருகிறேன். பல்லின் தோற்றம் ஒருவருடைய தன்னம்பிக்கையைக் குறைக்குமானால் அதைச் சீராக்குவதும் மருத்துவத்தின் கடமையே. ஆனால் பற்களைச் சீரமைக்கும் துறையைச் சேர்ந்த மருத்துவர் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். கேப் என்று நாம் சொல்லும் முழு உறை, அழகுச் சிகிச்சையின் கடைசிப் படி. அதையே முதற்படியாகக் கேட்பதும், கேட்டவுடன் செய்து கொடுப்பதும் இளம் வயதினருக்குப் பெருந்தீங்கு.

எனாமல் மீண்டும் வளராது

பல்லின் மேற்புறத்தை மூடியிருக்கும் எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. வெட்டுப்பட்ட தோல் ஆறும். முறிந்த எலும்பு கூடும். தேய்ந்த எனாமல் மட்டும் திரும்ப வளராது. அதை உருவாக்கும் உயிரணுக்கள், பல் முளைத்து வாய்க்குள் வரும்போதே மறைந்துவிடுகின்றன. நாம் எத்தனை வயது வாழ்ந்தாலும் குழந்தைப் பருவத்தில் உருவான அந்த ஒரே எனாமலைக்கொண்டுதான் வாழ்ந்தாக வேண்டும்.

முழு உறை போடுவதற்குப் பல்லைச் சுற்றிலும் செதுக்கிச் சிறிதாக்க வேண்டியிருக்கும். முன்பற்களைக் குறித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, மெல்லிய வெனியர் தகடு ஒட்டுவதற்குப் பல்லின் தலைப்பகுதியில் 3 முதல் 30 விழுக்காடு வரையும், முழு உறைக்கு 63 முதல் 72 விழுக்காடு வரையும் நீக்கப்படுகிறது என்று அளந்து காட்டியது. அதாவது உறைக்குள் எஞ்சுவது பல்லின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. செதுக்கிய பற்களில் சிலவற்றுக்கு நாளடைவில் உள்ளிருக்கும் நரம்பு செயலிழந்து, வேர்ச் சிகிச்சையும் தேவைப்படும்.

உறையும் நிரந்தரமானதன்று. நன்றாகச் செய்யப்பட்டது பத்து, பதினைந்து ஆண்டுகள் நிற்கலாம். சில அதற்கும் மேல் நிற்கும். இருபத்திரண்டு வயதில் முதல் உறை போட்டுக்கொள்பவர், எழுபது வயதுக்குள் மூன்று, நான்கு முறை அதை மாற்ற வேண்டி வரலாம். ஒவ்வொரு முறையும் எஞ்சியிருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். திருமண ஆல்பத்துக்காகச் செய்யும் செலவு, வாழ்நாள் முழுவதும் தொடரும் தவணையாகிவிடுகிறது.

இது நம் ஊரின் சிக்கல் மட்டுமன்று. குறைந்த செலவில் அழகிய பற்கள் கிடைக்கும் என்று பிரிட்டனிலிருந்து துருக்கிக்குப் பறந்து, நல்ல பற்களை முளைக்குச்சிகளைப்போலச் செதுக்கிக்கொண்டு உறைகளோடு திரும்பிய இளைஞர்களைப் பற்றி அந்நாட்டுப் பல் மருத்துவர் சங்கம் எச்சரித்திருக்கிறது.

கறை வந்த காரணத்தை முதலில் அறிவோம்

பல் நிறம் மாறியிருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இதன்மேல் எதை ஒட்டலாம்?’ என்பதன்று, ‘இது ஏன் நிறம் மாறியது?’ என்பதே. தேநீர், காபி, புகையிலை, வெற்றிலை ஆகியவற்றின் கறையும், நாட்பட்ட காரையும் பல்லின் மேற்பரப்பில் படிபவை. சில வகை மருந்து வாய்க்கொப்பளிப்பான்களை வாரக்கணக்கில் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை படியும். இவற்றையெல்லாம் சுத்தம் செய்து அகற்றிவிடலாம். ஒரே ஒரு முன்பல் மட்டும் சாம்பல் நிறமாகியிருந்தால், எப்போதோ கீழே விழுந்து அடிபட்டதில் அதன் நரம்பு இறந்திருக்கக்கூடும். அதற்கு வேண்டியது வேர்ச் சிகிச்சை. பல் இடுக்கில் கருமை தெரிந்தால் அது சொத்தையாக இருக்கலாம். காரணம் வேறாகும்போது மருத்துவமும் வேறாகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வருவோர் பலரிடம் காணப்படும் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. பல்லை எத்தனை அழுத்தித் தேய்த்தாலும் அவை போகா. அவை எனாமலுக்கு உள்ளேயே இருப்பவை. பாறைப்பாங்கான அந்நிலத்தின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்த நீரைத் தொடர்ந்து குடித்தவர்களின் எனாமல் சரிவர இறுகாமல் போகிறது. இதுவே பல் ஃபுளோரோசிஸ்.

1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்ற பல் மருத்துவர் மெக்கே, அவ்வூர் மக்களின் பற்களில் இத்தகைய பழுப்புக் கறையைக் கண்டார். அதற்குக் காரணம் குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடே என்பது 1931-இல்தான் உறுதியாயிற்று. அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளோரைடு நோய் பரவியிருப்பதை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய ஆய்வாளர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்தனர். ஆகவே இது நம் பகுதிக்குப் புதிய நோயன்று. இதைப் புரிந்துகொள்ளாமல், பல் துலக்காதவர் என்றும் சுத்தமில்லாதவர் என்றும் இவர்களைப் பழிப்பது மட்டும் இன்னும் ஓயவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் பல்லைக் குறையாகச் சொல்லும் உறவினர்கள், அந்தப் பெண் மூன்று வயதில் குடித்த தண்ணீருக்காக அவளைத் தண்டிக்கிறார்கள். இக்கட்டுரையை வாசிக்கும் பெற்றோரும் மாமியார், மாமனாரும் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

புகையிலை, பாக்கு மெல்லுவோருக்குத் தனியே ஒரு சொல். இரவுப் பணியில் தூக்கம் வராதிருக்க ஹான்ஸ், குட்கா, பாக்குப் பொட்டலம் எனப் பழகிக்கொண்டவர்கள், கறையை நீக்கினால் போதும் என்று வருகிறார்கள். கறையைவிட முக்கியமானது வாய் எவ்வளவு திறக்கிறது என்பது. காரம் பட்டால் எரிச்சல், கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகுதல், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியாமை ஆகியவை இருந்தால், அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலையாக இருக்கலாம். புகையிலை கலக்காத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அத்தகையோருக்கு வெண்மையாக்கும் சிகிச்சையைத் தள்ளிவைத்து, வாய்ப் பரிசோதனையையே முதலில் செய்ய வேண்டும்.

படிப்படியாக ஏறுவோம்

அழகுப் பல் சிகிச்சைகளை, அவை இயற்கைப் பல்லிலிருந்து எவ்வளவை எடுத்துக்கொள்கின்றன என்பதை வைத்தே வரிசைப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. விலையையோ வேகத்தையோ வைத்து வரிசைப்படுத்தினால் தவறான முடிவுக்கே வருவோம்.

முதற்படி, சுத்தம் செய்தல். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், எனாமல் தேயும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. உண்மையில் பல்லை ஆட்டுவது காரையும் அதனால் வரும் ஈறு நோயுமே. இடுக்குகளை அடைத்திருந்த காரை போனதும் இடைவெளி தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு சுருங்குகிறது. சில நாள் பற்கூச்சம் இருக்கிறது. இதைத்தான் பல் தேய்ந்துவிட்டதாக எண்ணுகிறோம். வெளிக்கறை உள்ளவர்களில் கணிசமானோருக்கு இந்த ஒரு படியே போதுமானதாக இருக்கும்.

இரண்டாம் படி, வெண்மையாக்குதல். பெராக்சைடு கலந்த மருந்து எனாமலுக்குள் ஊடுருவி நிறமிகளைச் சிதைக்கிறது. பல்லைச் செதுக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் அமர்ந்தும் செய்துகொள்ளலாம்; அச்செடுத்துத் தயாரித்த மெல்லிய தட்டில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு மருந்தை இட்டு, இரவில் அணிந்து இரண்டு, மூன்று வாரங்களிலும் செய்துகொள்ளலாம். தற்காலிகப் பற்கூச்சம் இயல்பு. சொத்தையும் ஈறு நோயும் இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தள்ளிவைப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள உறையோ பல் நிற அடைப்போ இம்மருந்தால் வெளுக்காது என்பதையும் நினைவில் கொள்க.

மூன்றாம் படி, ஃபுளோரோசிஸ் கறைகளுக்கு உரியது. மென்மையான அமிலமும் பொடியும் கலந்த பசையால் எனாமலின் மேலடுக்கை மிக மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவுக்கு மட்டும் தேய்த்தெடுக்கும் முறை ஒன்று. நுண்துளைகள் நிறைந்த வெண்திட்டுக்குள் நீர்மப் பிசினை ஊடுருவச் செய்து, ஒளியால் இறுகச் செய்யும் முறை மற்றொன்று. அந்தப் பிசின் நிரம்பியதும் திட்டு, சுற்றியுள்ள எனாமலோடு நிறத்தில் ஒன்றிப்போகிறது. மிதமான ஃபுளோரோசிஸ் உள்ளவர்களுக்கு வெண்மையாக்குதலையும் இவற்றையும் இணைத்துச் செய்தால், பல்லை இழக்காமலே வியக்கத்தக்க மாற்றம் கிடைப்பதுண்டு. கறை முழுவதும் மறையும் என்று முன்கூட்டியே உறுதி கூற இயலாது. ஆனால் கண்ணை உறுத்தாத அளவுக்குக் குறைத்துவிட முடியும்.

நான்காம் படி, பல் நிறப் பிசினால் வடிவமைத்தல். உடைந்த நுனி, சிறு இடைவெளி, குழிந்த எனாமல் ஆகியவற்றை ஒரே அமர்வில் சரிசெய்துவிடலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெருகிடவோ புதுப்பிக்கவோ வேண்டியிருக்கும். ஆனால் பெரும்பாலும் பல்லைச் செதுக்காமலே ஒட்டுவதால், பின்வாங்குவதற்கு வழி இருக்கிறது.

ஐந்தாம் படி, வெனியர். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுக்கு முன்புற எனாமலை நீக்கி, பீங்கான் தகட்டை ஒட்டுவார்கள். ஆழ்ந்த கறைக்கு நல்ல தீர்வு. எனினும் ஒருமுறை வெனியர் போட்ட பல்லுக்கு வாழ்நாள் முழுவதும் ஏதேனும் ஒரு மூடி வேண்டும். இரவில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு இது எளிதில் உடையும்.

ஆறாம் படியே முழு உறை. வேர்ச் சிகிச்சை செய்த பல், பாதிக்குமேல் உடைந்த பல், எனாமல் உதிர்ந்து குழிந்துபோன கடும் ஃபுளோரோசிஸ் ஆகியவற்றுக்கு அது ஏற்ற மருத்துவம். அங்கே அது பல்லைக் காக்கிறது. குறையற்ற பல்லின்மீது நிறத்துக்காக மட்டும் போடும்போது அதே உறை பல்லை அழிக்கிறது.

தெற்றுப்பல், தூக்கலான பல் ஆகியவற்றுக்கு உரியது கம்பி சிகிச்சை. ‘அதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும், உறை போட்டால் பத்து நாளில் நேராகிவிடும்’ என்று சிலர் வாதிடுகிறார்கள். பல்லை நகர்த்தினால் அது நேராகும். செதுக்கி உறை போட்டால் நேராகத் தெரியும்; பல் அங்கேயேதான் இருக்கும். கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற தட்டுகள் இப்போது உள்ளதால், மாறிமாறி வரும் பணிமுறையில் உள்ளோரும் பலவேளை இச்சிகிச்சையை மேற்கொள்ள இயலும்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டால்?

‘இதெல்லாம் நேரம் இருப்பவர்களுக்குச் சரி, எனக்கு விடுப்பே கிடைப்பதில்லை, திருமணத்துக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது’ என்பது நியாயமான எதிர்வாதம். அந்த ஆறு வாரத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முதல் வாரத்தில் சுத்தம் செய்தலும் சொத்தை அடைத்தலும். அடுத்த இரண்டு, மூன்று வாரங்கள் வீட்டிலேயே இரவு வெண்மையாக்குதல். அதன்பின் ஏறத்தாழ இரண்டு வார இடைவெளி. இறுதியில் பிசின் ஊடுருவலோ வடிவமைத்தலோ. அந்த இடைவெளியைத் தவிர்க்கக்கூடாது. வெளுத்தவுடன் ஒட்டினால் பிசின் உறுதியாகப் பிடிக்காது. இதற்கு நான்கைந்து முறை மருத்துவமனைக்கு வந்தால் போதும். இன்னும் சிறப்பாக வேண்டுமென்றால் திருமணத்துக்குப் பின் ஆற அமரச் செய்துகொள்ளலாம். செதுக்கிய பல்லையோ எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் மீட்க முடியாது.

செலவைக் குறைக்க எலுமிச்சைச் சாறு, சோடா மாவு, கரித்தூள், செங்கற்பொடி ஆகியவற்றால் பல்லைத் தேய்ப்போர் உண்டு. எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கிறது; கரியும் செங்கல்லும் அதை அராவுகின்றன. எனாமல் மெலிந்ததும் உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி மேலும் தெரிகிறது. வெண்மைக்காகச் செய்தது மஞ்சளையே கூட்டுகிறது. அழகு நிலையங்களில் பல் வெளுப்புச் செய்துகொள்வதையும் தவிர்க்க வேண்டுகிறேன். பல் மருத்துவர்கள் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது முதல் பல் மருத்துவம் பார்க்கப் பதிவு கட்டாயம். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பொருள் வசதி குறைந்தோர் சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் ஈறு நோய், சொத்தை போன்றவற்றுக்கு அத்திட்டத்தின் மருத்துவமனைகளில் உள்ள பல் பிரிவை அணுகலாம்.

எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், எங்கள் மருத்துவமனையேயாயினும், சிகிச்சைக்கு இசையும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் பல் நிறம் மாறியதற்குக் காரணம் என்ன? இதற்காக என் பல்லில் எவ்வளவு செதுக்குவீர்கள்? இதைவிடக் குறைவாகச் செதுக்கும் வழி இருக்கிறதா? இது எத்தனை ஆண்டு நிற்கும், அதன்பின் என்ன செய்ய வேண்டும்? இவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்லாத இடத்தில் பல்லை ஒப்படைக்காதீர்கள்.

ஊரில் இருக்கும் குழந்தைக்காக

கடைசியாக ஒன்று. இங்கே பணிபுரியும் பெற்றோர் பலரின் குழந்தைகள், ஊரில் தாத்தா, பாட்டியிடம் வளர்கின்றன. முன்பற்களின் எனாமல் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிகிறது. பின்பற்களுக்கு ஏறத்தாழ எட்டு வயது வரை ஆகும். அந்த ஆண்டுகளில் குடிக்கும் தண்ணீரே பிற்காலத்துப் புன்னகையைத் தீர்மானிக்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், மாற்று நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஃபுளோரோசிஸைத் தணிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. குழாயில் அந்நீர் வரும்போதும், ஆழ்துளைக் கிணற்று நீரே சுவையாக இருக்கிறது என்று அதையே குடிப்பதும் சமைப்பதும் வழக்கமாகியிருந்தால் திட்டத்தின் பயன் குழந்தைக்குச் சேராது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். காவிரி நீர், ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீர், முறையாகச் சேமித்த மழைநீர் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதைக் குழந்தைக்குக் குடிக்கவும் சமைக்கவும் கொடுங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பற்பசையைக் கண்டு அஞ்ச வேண்டாம். பல் முழுதும் உருவாகிவிட்ட பெரியவர்களுக்கு ஃபுளோரைடு பற்பசையால் இந்தக் கறை வாராது; சொத்தையிலிருந்து அது காக்கும். சிறு குழந்தைகள் மட்டும் பசையை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, குழந்தைக்குப் புத்தாடையோடு இன்னொன்றையும் எடுத்துச் செல்லுங்கள்: வீட்டுக் கிணற்று நீரை நிரப்பிப் பரிசோதனைக்குக் கொடுக்க ஒரு சுத்தமான பாட்டில். இன்று அந்த நீரைச் சரிபார்த்துவிட்டால், இருபது ஆண்டுகளுக்குப் பின் உங்கள் பிள்ளை உறை போடச் சொல்லி எங்கள் முன் வந்து அமர வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.